ஒருத்தர் படுத்தா போதும்

"ஒருத்தர் படுத்தா போதும்ணா. மடிக்கிற சோபாவா குடுங்க, பெருசு வேணாம்" என்றாள் ஹெலன்.

சம்பத்துக்குச் சுருக்கென்றது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஃபர்னிச்சர் கடையில் கட்டில், சோபா எல்லாம் அவன் பொறுப்பு. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து ஒற்றை ஆளுக்குப் படுக்கை கேட்பதை அவன் நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை.

"வீட்ல எத்தினி பேரு மேடம்?"

"நாங்க ரெண்டு பேருதான். இவரும் நானும்."

பக்கத்தில் நின்ற ஆல்வின் ஆமாம் என்று தலையாட்டினான்.

"அப்ப இதப் பாருங்க." சம்பத் ஒரு சோபாவின் அடிப்பலகையைப் பிடித்து இழுத்தான். "இழுத்தா டபுள் பெட். தள்ளுனா சோபா. காலைல எழுந்து ஒரு தள்ளு, ரூமு காலி."

"தெனமும் மடிக்கப் போறதில்ல சார். வாரத்துக்கு ஒரு வாட்டி மடிச்சா ஜாஸ்தி" என்றான் ஆல்வின்.

வாரம் முழுக்க யாரோ ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தே கிடக்கிறார் என்று சம்பத் புரிந்துகொண்டான்.

அரை மனதாக ஒற்றை ஆள் சோபா ஒன்றைக் காட்டினான். ஹெலன் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். ஆல்வினையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். படுத்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

"அடியில பெட்டி இருக்குதாணா?"

சம்பத் மெத்தையைத் தூக்கிக் காட்டினான். ஹெலன் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அவரு தலகாணி, போர்வ ஒரு பக்கம். என்னுது ஒரு பக்கம். ரெண்டும் கலக்கக் கூடாது. நடுவுல ஒரு தடுப்பு அடிச்சுக் குடுப்பீங்களா?"

சோபாவுக்குள் சுவர் கேட்ட முதல் வாடிக்கையாளர் இவள்தான். பாகப்பிரிவினை தலையணை வரைக்கும் வந்துவிட்டது, இனி வக்கீல்தான் பாக்கி என்று சம்பத் நினைத்தான்.

"ஆசாரியக் கேட்டுச் சொல்றேன்" என்று நாலடி நகர்ந்து நின்றான். நகர்ந்தது காது கொடுக்கத்தான்.

"கையில இன்னா காயம்?" என்று கேட்டாள் ஹெலன்.

"ஆறிடுச்சு. செவ்வாக்கெழம வேலையில பட்டுச்சு."

"இன்னிக்கு ஞாயிறு. சொல்லவே இல்ல."

"எங்க சொல்றது? சரி, சிலிண்டர் தீர்ற மாதிரி இருந்திச்சே, புக் பண்ணிடு."

"அது வியாழக்கெழமையே தீர்ந்து, வேற மாத்தியாச்சு. நேத்து நீங்க டீ போட்டது புதுசுல."

"ஓ" என்றான் ஆல்வின்.

அத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்காரம்மா மோட்டார் போடாதது, ஹெலனின் அண்ணன் மகளுக்கு வேலை கிடைத்தது, ஆல்வினின் செருப்பு அறுந்தது என்று குசுகுசுவென்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களுக்குத் தெரியாத சங்கதியா இதெல்லாம்? எத்தனை நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையோ? மேலும், ஒத்துப்போகிற புருஷன் பெண்டாட்டிக்கு இவ்வளவு பேச்சு இருக்காது என்பது சம்பத்தின் அனுபவம்.

அனுபவம் என்றால் சொந்த அனுபவம். கடையில் வாய் ஓயாத சம்பத், வீட்டில் 'ம்' என்பான், மிஞ்சிப் போனால் 'சரி' என்பான். "வாயில இன்னா கொழுக்கட்டயா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அவன் மனைவி சௌமியா, போன மாதம் ஒடுகத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். அவன் போன் பண்ணவில்லை. பண்ணினால் பேச வேண்டுமே. அன்றிலிருந்து பெரிய தேக்குக் கட்டிலில் ஓர் ஓரமாகத் தனியே படுத்துப் புரள்கிறான். இந்தத் தண்டனை இன்னொருவனுக்கு வரக் கூடாது என்று அவன் மனசார நினைத்தான்.

திரும்பி வந்தான்.

"சார், மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வியாபாரத்துக்காகச் சொல்லல. குடும்பம்னா நாலு வார்த்த வரும், போவும். பேஜாரா இருந்தா ஒரே பெட்ல முதுகக் காட்டிப் படுத்துக்கலாம். ஒத்தப் பெட்டு வாங்குனீங்கன்னா இன்னிக்கு ஒருத்தர் தரையில படுப்பீங்க. அப்புறம் ஒருத்தர் ஊருக்குப் போயிடுவீங்க. அதுக்கு மேல எவ்ளோ பெரிய பெட்ல படுத்தாலும் தூக்கம் வராது சார்."

சொல்லிக்கொண்டே பெரிய சோபாவை மறுபடியும் இழுத்து விரித்தான்.

"டபுளே எடுத்துக்குங்க" என்று முடித்தான்.

ஹெலனும் ஆல்வினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐய, சண்டையெல்லாம் இல்லணா. எனக்கு ஷூ கம்பெனியில பகல் வேல. அவருக்கு டேனரியில நைட் டூட்டி. காலைல அவரு பஸ்ஸ விட்டு எறங்குவாரு, நான் கம்பெனி பஸ்ல ஏறுவேன். சாவி மட்டும் கை மாறும். ராத்திரி நான் படுக்குறேன், பகல்ல அவரு படுக்குறாரு. அவரு தலகாணியில தோல் வாசன ஜாஸ்தி, அதுக்குத்தான் தடுப்பு."

சம்பத்துக்கு அப்போதும் ஒரு கணக்கு உதைத்தது.

"ஞாயித்துக்கெழம ராத்திரி ரெண்டு பேரும் வீட்லதான இருப்பீங்க? அன்னிக்கு ஒருத்தர் எங்க படுப்பீங்க?"

"அன்னிக்கு யாருணா படுக்குறது? அதுக்குத்தான் கட்டில் வேணாம், சோபாவா குடுங்கன்னு கேக்குறோம்" என்றாள் ஹெலன். "மடிச்சுப் போட்டுட்டு, விடியற வரைக்கும் உக்காந்து பேசிக்கினே இருப்போம்."