படத்துக்கு நின்ற பாதம்

ஒரு பஸ் கண்டக்டருக்கு இரண்டுமே தட்டைப் பாதம்; நடுவில் வளைவே கிடையாது. நாள் முழுக்க நின்று வலி தாங்காமல், ஷூவுக்குள் வைக்க மெத்தை செய்துகொள்ள அளவு கொடுக்கப் போனார். பாதத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேனரின் கண்ணாடிமேல் ஏறியதும், வலது பாதம் தன் நடுப்பகுதியை மெல்லத் தூக்கி வளைத்துக்கொண்டது.

“என்னடா பண்றே?” என்றது இடது.

“படம் எடுக்கிறாங்க. கொஞ்சம் அழகா நிக்கக் கூடாதா?”

கம்ப்யூட்டர் பார்த்ததை நம்பி வரைந்தது. அது வரைந்தபடியே இயந்திரம் மெத்தையை வெட்டியெடுத்தது. இடதின் மெத்தை பதமாகத் தாங்கியது. வலதின் மெத்தையிலோ நடுவில் பெரிய மேடு. இரண்டாம் நாளே கண்டக்டர் நொண்டினார்.

“ஏன் இப்படிக் குத்துறே?” என்று வலது சீறியது.

“நீங்க காட்டின வளைவுக்குத்தான் என்னைச் செஞ்சாங்க. அது எங்கே போச்சு?” என்றது மெத்தை.

மறுவாரம் கண்டக்டர் மறுபடி அளவு கொடுக்கப் போனார். இந்த முறை வலது கண்ணாடிமேல் உள்ளபடியே பரப்பிக்கொண்டு நின்றது. புது மெத்தை வந்த அன்று, எட்டு மணி நேரம் நின்றும் வலியில்லை.

“அழகு என்னடா ஆச்சு?” என்று இடது சீண்டியது.

“ஷூவுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?” என்ற வலது, சுகமாக இன்னும் கொஞ்சம் பரந்துகொண்டது.