இரண்டு சிறகு, ஒரே எண்

"அம்மா லேசுல யாரையும் வீட்டுல தங்க விடமாட்டாங்க" என்று காதலி ஜுசாரா எச்சரித்திருந்தாள். பிரேசிலியாவுக்கு முதன்முறை வந்த வால்டெனிர், 308-ஆம் குடியிருப்பு, சி பிளாக், 204-ஆம் வீட்டில் மணியடித்தான்.

கதவைத் திறந்த அம்மாள் அவனைக் கட்டியணைத்தாள். "வாங்க மாப்பிள்ளை. பேரு ஊரெல்லாம் அப்புறம். முதல்ல சாப்பிடுங்க."

பத்து சீஸ் உருண்டை, மூன்று காப்பி, படுக்க அறை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

கைப்பேசியில் ஜுசாரா. "எங்கடா தொலைஞ்ச?"

"உங்க வீட்லதான். உங்கம்மா தங்கம்."

"எந்தச் சிறகு? ஊரோட வடக்குப் பக்கமா, தெற்குப் பக்கமா?"

"வடக்கு."

"போச்சு. ரெண்டு சிறகுலயும் இதே நம்பர்தான் இருக்கு. நாங்க தெற்கு."

"ஐயையோ."

"அப்ப, இங்க எங்கம்மா தன் கட்டிலையே விட்டுக்கொடுத்து ஊட்டிட்டிருக்கிற இந்த மாப்பிள்ளை யாருடா?"