மேல்வீட்டுத் தண்ணீர்

"ஓனரே, கையை வெச்சுப் பாரு. செவுரா இது? ஐஸ் பொட்டி மாரி ஜில்லுனு கீது!"

கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் சிலுவையம்மாள் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். அன்றைக்கு அதையும் தாண்டிக் கேட்டது.

வீட்டு ஓனர் ஆறுமுகநயினார் தடவிப் பார்த்தார். ஜன்னலோரச் சுவர் முழுக்க ஈரம். அங்கே மாட்டியிருந்த போட்டோவில் அவள் புருஷன் லியோனார்டின் முகம் பாதி அழிந்து போயிருந்தது.

"அவுரு போனப்புறம் எங்கிட்ட கீற ஒரே போட்டோ. இத இனிமே யாரு குடுப்பா?" போட்டோவைக் கழற்றி முந்தானையால் ஒற்றினாள்.

நியாயமான கோபம்தான். ஓனருக்கே கஷ்டமாக இருந்தது. மேல்வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே வாடகைக்கு இருக்கும் குணசேகரனைக் கீழே கூப்பிட்டார். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன். அவனும் மனைவி அன்புக்கரசியும் இறங்கி வந்தார்கள்.

"ஒன் வூட்டு பாத்ரூம், கொழாயெல்லாம் நல்லாத்தான் கீது. பால்கனிலேர்ந்துதான் தண்ணி எறங்குது. அங்க இன்னாப்பா பண்ற?" என்றார் ஓனர்.

"ஹோஸ் ஜாயின்ட் லூசாயிட்ச்சி சார். கவனிக்கல. தப்பு என்னுதுதான். செவுர நானே பூசிக் குடுத்துர்றேன்."

"பால்கனில ஹோஸ் இன்னாத்துக்கு? மேல தோட்டம் போட்டுகினு கீறியா?" என்றாள் சிலுவையம்மாள்.

"அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் அன்புக்கரசி. குணசேகரன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

"பார்த்தியா, பதில் கீதா? செவுர பூசுவான். எம் புருஷன் மூஞ்சிய பூசுவானா? ஓனரே, ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

சிலுவையம்மாள் பழைய குடித்தனம். ஓனர் தலையைச் சொறிந்தார். மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார், குணசேகரனை.

அவன் சொன்னபடி சுவரைப் பூசினான், வெள்ளையும் அடித்தான். ஈரம் போன இடம் தெரியவில்லை. சிலுவையம்மாள் மனசு மட்டும் ஆறவில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலி பண்ணும் நாளும் வந்தது. சாமானெல்லாம் குட்டியானை வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

"எண்ணூர்ல வூடு கெட்சிட்ச்சிக்கா. போய்ட்டு வரோம்" என்றாள் அன்புக்கரசி.

சிலுவையம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் வியாபாரம் முடிந்து வந்தவள், கைகால் கழுவப் பின்பக்கம் போனாள். டிரம்மில் சொம்பை விட்டாள். அடியில் போய் இடித்தது.

"கரோலினு! ஏண்டி இன்னிக்குத் தண்ணி புடிக்கல?"

வேலைக்கு லீவு போட்டிருந்த மகள் எழுந்து வந்தாள். "நான் எப்பம்மா புடிச்சேன்? நீதான ஹார்பருக்கு மீன் எடுக்கப் போறதுக்கு முன்னாடி அடிபம்புல அடிச்சு ரொப்பி வெச்சிட்டுப் போற?"

"நான் கெளம்பறப்ப பம்புல தண்ணியே வராதேடி!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்கு இத்தனை நாளும் பெருமை. இந்த வயசில் அம்மா தண்ணீர் தூக்குகிறாளே என்று பெண்ணுக்குக் கவலை. ரெண்டு பேரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஒரு மாசமாகப் புழலில் தன் மகள் வீட்டில் இருந்த பின்வீட்டு ஜன்னத் அப்போதுதான் திரும்பிவந்தாள். காலி டிரம்மையும் மேல்வீட்டுப் பூட்டையும் பார்த்தாள்.

"சிலுவை, மேல்வூட்டுத் தம்பி எங்க? விடியறதுக்குள்ள மோட்டார் போட்டு, பால்கனிலேர்ந்து ஹோஸ் வுட்டு ஒன் டிரம்ம ரொப்பிருவானே!"

சிலுவையம்மாள் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

மகளைப் பார்த்து, "சண்டை போட்ட அன்னிக்கே நிறுத்தியிருப்பான், இல்லடி?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது அவளுக்கு.

கரோலின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து காலைல கூட ரொம்பித்தாம்மா இருந்துச்சு."