பஞ்சு பட்ட இடம்

கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு படும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார் டொக்டர் நப்லா.

தோளில் பட்டது. ஜெசிந்தா காட்டினாள். மணிக்கட்டில் பட்டது. காட்டினாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றும் படவில்லை. டொக்டர் வேறு வேலையாகப் போய்விட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள்.

முழங்கைக்குக் கீழே, வெளிறிய தேமலின் மேல் பஞ்சு இருந்தது.

தொழுநோய் என்றார் டொக்டர். தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டு ஆளைப் பற்றிய சேதி போல ஜெசிந்தா அதைக் கேட்டுக்கொண்டாள்.

நரம்பைப் போர்த்தியிருக்கும் உயிரணுவுக்குள் இந்தக் கிருமி குடியேறிவிடுமாம். உடம்புக்கு வெளியே அதனால் பெருக முடியாது. அந்த உயிரணுவோ வந்தது யாரென்று அறியாமல், தன் கொழுப்பையே ஊட்டி அதை வளர்க்குமாம். வருஷக்கணக்கில் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நரம்பு செத்த பிறகுதான் தெரியவரும்.

மாத்திரையில் முழுதாகக் குணமாகும், குடிக்கத் தொடங்கினால் மற்றவருக்குப் பரவாது என்றார். யாரும் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்த எல்லோரையும் பார்க்க வேண்டும், இப்போது பிரிந்து போயிருந்தாலும்.

மகள் ஸ்டெபானியைப் பார்த்தாகிவிட்டது. அவளுக்கு ஒன்றுமில்லை.

மிச்சம் சவரிதான், ஜெசிந்தாவின் புருஷன். ஸ்டெபானி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போனவன். கித்துல்கலையில் படகுக்காரர்களிடம் வேலை, அங்கே ஒருத்தியோடு குடித்தனம் என்று தோட்டமே பேசியது. அவன் மறுக்கவில்லை. முதல் வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதெல்லாம் அழுதாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

நடைபாதைக்கு வந்து போனை எடுத்தாள். 'ஸ்டெபானி அப்பா' என்றுதான் அவன் நம்பர் இன்னும் கிடந்தது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"நான் ரத்னபுர ஆஸ்பத்திரியில, தோல் கிளினிக்குல இருக்கேன்."

என்ன வியாதி என்று அவள் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் ஆற்றின் இரைச்சல். யாரோ சிங்களத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். 

"ஒனக்கும் வந்துருச்சா, புள்ள?" என்றான்.

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

போவதற்கு முந்தின வருஷமெல்லாம் அவன் வாசலில் சாக்கு விரித்துப் படுத்தான். பீலித் தண்ணீரில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றவில்லை. பெற்ற பிள்ளை மடியில் ஏற வந்தால் எழுந்து போனான். தங்களைப் பிடிக்காமல்தான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

கித்துல்கலையில் அவனோடு எந்தப் பெண்ணும் இல்லை என்பது கேட்காமலே தெரிந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"மாத்திரை குடிச்சா ஒரே வீட்டுல இருக்கலாமாம்," என்றாள். "ஒங்களுக்கு அத யாருமே சொல்லலயா?"