சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் மயிலாத்தாளுக்கு இருபத்தாறு வருஷம். துணியில் ஓட்டையோ விட்டுப்போன பின்னலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் அவள் கை நகரும்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மயக்க ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டாள். எதிரே திரையில் அவளுடைய பெருங்குடல், நனைந்த ரோஸ் துணியாக, மடிப்பு மடிப்பாக நகர்ந்தது. புதுக் கேமரா, நூலளவு நரம்புகூடத் தெரியும் என்றிருந்தார் டாக்டர். அக்கா போன வருஷம் செத்தது குடல் கட்டியால்தான். கண்டுபிடித்தபோதே முற்றிப்போயிருந்தது.

"சுத்தமா இருக்குங்கம்மா," என்றார் டாக்டர், கேமராக் குழாயை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே.

ஒரு மடிப்பின் ஓரத்தில், பின்னல் மாறியதுபோல ஓர் இடம் வந்து போனது. அவர் கவனிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டால் சுத்தம் என்றே எழுதித் தருவார்கள், வீட்டுக்குப் போய்விடலாம்.

"டாக்டருங்க, கொஞ்சம் பின்னால போங்க. ஒண்ணு விட்டுப்போச்சு."

அவர் சிரித்தார். இருந்தாலும் குழாயை உள்ளே தள்ளினார். "இங்கயா?"

"அடுத்த மடிப்புங்க. அதை நீவி விடுங்க."

மடிப்பு விரிந்தது. அவர் சிரிப்பு நின்றது. ஏதோ பொத்தானை அழுத்திக் கேமராவின் வெளிச்சத்தை மாற்றினார்; ரோஸ் நிறம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக மாறியது. நர்ஸ் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். மயிலாத்தாளின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், தாளிலிருந்து எதையோ உரிப்பதுபோல, ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்தன.