சாண்டஸ்கியிலிருந்து டோரிஸ் பேசுகிறேன்

இருபத்தைந்து நிமிடமாக மார்லீன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வானொலி நிலையத்துப் பெண் பெயரும் ஊரும் கேட்டபோது, "டோரிஸ், சாண்டஸ்கி" என்று கூசாமல் சொன்னாள். போன வாரம் ஆல்மா. அதற்கு முந்தின வாரம் வேறு யாரோ. இவ்வளவு புளுகத் தெரிந்தவளுக்குக் குரலை மாற்றத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த நகரத்தில் யாருக்கும் வேறு பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் ரேடியோவில் ஸ்டான் நடத்தும் நிகழ்ச்சியில் பேச ஊரே வரிசையில் நிற்கும். இன்றைக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கிளின்ட் கோவாச்சின் ஒப்பந்தத்தை இன்னும் நான்கு வருடத்துக்கு நீட்டலாமா, கூடாதா? மதியத்துக்குள் அணி நிர்வாகம் முடிவு சொல்லிவிடும் என்று பேச்சு.

அவளுக்கு முன்னால் பார்மாவிலிருந்து கஸ் என்றொரு ஆள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

"யோவ் ஸ்டான், இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? பதினெட்டு வருஷமா கண்டவனையெல்லாம் நிக்கவச்சு மானம் போச்சு. இப்பதான் எறியத் தெரிஞ்சவன் ஒருத்தன் கிடைச்சிருக்கான். என் வீட்டை வேணா எழுதித் தரேன், அவனை மட்டும் விட்டுறாதீங்க!"

"உன் வீட்டை எவன்யா கேட்டான்?" ஸ்டான் சிரித்துக்கொண்டே அவனை அனுப்பிவைத்தார். "அடுத்து, சாண்டஸ்கியிலிருந்து டோரிஸ். ரேடியோ சத்தத்தைக் குறைச்சிட்டுப் பேசுங்க மேடம்."

மார்லீன் அடுப்பு மேடையிலிருந்த ரேடியோவைக் குறைத்தாள்.

"நீட்டாதீங்க. அவனால இனிமே முடியாது. நேத்து அடிபட்டு எழுந்தவன், எதிர் டீம் ஆளுங்க கூடிப் பேசிட்டிருந்த இடத்துல போய் நின்னானே, எல்லாரும் பாத்தீங்கதானே?"

"பாத்தோம், விழுந்து விழுந்து சிரிச்சோம். அப்புறம் அவன்தானே மூணு டச்டவுன் போட்டு ஜெயிக்கவச்சான்! டாக்டர் சோதிச்சுப் பாத்து, நல்லாருக்கான்னுதானே திரும்ப உள்ள அனுப்புனாரு?"

"அந்தச் சோதனையே பொய்!"

ஆட்டப் பருவம் தொடங்குமுன் எல்லா ஆட்டக்காரர்களும் ஒரு நினைவுத் தேர்வு எழுத வேண்டும். தலையில் அடிபட்டால் அதையே மறுபடி எழுதச் சொல்வார்கள். மதிப்பெண் குறைந்திருந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் விவரமான ஆட்கள் முதல் தேர்வையே வேண்டுமென்று கோட்டை விட்டுவிடுவார்கள். அப்புறம் மண்டை எவ்வளவு கலங்கினாலும் மதிப்பெண் குறைய வழியில்லை.

"கோவாச்சும் அப்படித்தான் எழுதிவச்சிருக்கான்," என்று சொல்லி முடித்தாள்.



"இதை உங்களுக்கு யாரு சொன்னது மேடம்?" என்று கேட்டார் ஸ்டான்.

பதில் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் ஒப்பந்தம் நின்றுபோகும். கூடவே அவனை ஏமாற்றுக்காரன் என்று ஊரே காறித் துப்பும். ஆயுசுக்கும் அவன் அவளை மன்னிக்க மாட்டான்.

"யாரோ... சொன்னாங்க."

"யாரோ! சரிதான். போன வாரம் ஆல்மா, இந்த வாரம் டோரிஸ். குரல் மட்டும் அதே குரல். அந்தப் பையன் உங்களுக்கு அப்படி என்னதான் பாவம் பண்ணான்?"

பின்னணியில் யாரோ கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். இணைப்பு அறுந்தது.

அவள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள். ஸ்டான் கத்திக்கொண்டிருந்தார். கையெழுத்தாகிவிட்டதாம். நான்கு வருடமாம். தெருவில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போயின. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து ஆகாயத்தைப் பார்த்து ஊளையிட்டார்.

மார்லீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வருடத்துக்குப் பதினேழு ஆட்டங்கள். நான்கால் பெருக்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தொலைபேசி அடித்தது.

"அம்மா, ரேடியோவைப் போட்டுறாத! என் வாயாலதான் உனக்கு முதல்ல சொல்லணும். கையெழுத்துப் போட்டுட்டேம்மா. இன்னும் நாலு வருஷம்!"

நேரில் சொல்லிப் பார்க்காமலா இருந்தாள்? போன கிறிஸ்துமஸ் விருந்தில் அந்தத் தேர்வுக் கதையை அவனே வாய்விட்டுச் சிரித்தபடி சொன்னான். அவள் அழுதாள். அதற்காக இரண்டு மாதம் அவன் பேசவே இல்லை. அந்த இரண்டு மாதத்தை இன்னொரு தடவை அவளால் தாங்க முடியாது.

"ரொம்ப சந்தோஷம்டா கிளின்ட்," என்றாள்.

"அழுவுறியா?"

"சந்தோஷத்துலடா."

அவன் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கண்டிப்பாக வர வேண்டும், நல்ல இருக்கையாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்றான். தொலைபேசியை வைத்துவிட்டான்.

அவள் எழுந்து, ஆறிப்போன காபியைக் கொட்டிக் கோப்பையைக் கழுவினாள். ஈரக்கையைத் துடைப்பதற்குள் மறுபடியும் மணி அடித்தது. ஏதோ சொல்ல விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து எடுத்தாள்.

"அம்மா, ரேடியோவைப் போட்டுறாத! என் வாயாலதான் உனக்கு முதல்ல சொல்லணும்."

அதே அவசரம், அதே குதூகலம்.

மார்லீன் கையை எட்டி ரேடியோவை அணைத்தாள்.

"போடலைடா," என்றாள். "சொல்லு, என்ன விஷயம்?"