ஒரு சின்னக் கட்டி

டாக்டர் சிரித்தார்.

அவள் மேஜைமேல் இருந்த ரிப்போர்ட்டையே பார்த்தாள்.

"பயப்படாதீங்கம்மா. கட்டி எதுவும் இல்ல. ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். நல்ல ரிசல்ட்."

நல்ல ரிசல்ட்டாம். யாருக்கு நல்லது?

செண்பகம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. தன் முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கட்டி. சின்னதாக, சுண்டைக்காய் அளவுக்கு இருந்தால் போதும். அதைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

இதே ஆசுபத்திரியின் மாடியில் மாரிச்செல்வி படுத்திருக்கிறாள். பெற்றது அவள் ஒருத்தியைத்தான். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று தரம் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிறார்கள். இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

தகப்பனுக்குச் சர்க்கரை. கிட்னி கொடுக்க வந்த அவரை முதல் நாளே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

செண்பகத்துக்கு எல்லாம் பொருந்தியது. ரத்தம் பொருந்தியது. பேர் தெரியாத என்னென்னவோ பொருந்தியது. பத்துப் பொருத்தமும் அமைந்த ஜாதகம் மாதிரி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகுதான் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள்.

பிரஷர் இருநூறைத் தொட்டது.

அவளுக்கு ஒரு தலைவலி கிடையாது. ஒரு கிறுகிறுப்பு கிடையாது. அந்தப் பாழாய்ப்போன பிரஷர் எத்தனை வருஷமாகச் சத்தம் காட்டாமல் உள்ளே உட்கார்ந்திருந்ததோ.

மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்று சேர்த்தார்கள். மூன்றாவதும் சேர்த்தார்கள். உப்பை நிறுத்தினாள். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். பிரஷர் இறங்குவேனா என்றது.

இத்தனை பிரஷரோடு கிட்னியை எடுக்க முடியாது என்றார் டாக்டர். எடுத்தால் மிச்சம் இருக்கிற ஒன்றும் போய்விடும்.

போனால் போகட்டும் என்றாள் செண்பகம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குத்தான் கட்டியைப் பற்றிச் சொன்னார். சிறுநீரகத்தின் உச்சியில் குல்லாய் கவிழ்த்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. சிலருக்கு அதில் கட்டி வளரும். அது சுரப்பது கூடிப்போனால் உடம்பு உப்பை வெளியே விடாது, பிரஷர் ஏறும். கட்டியை எடுத்துவிட்டால் இறங்கிவிடும்.

"அப்படி ஏதாவது இருந்தா, அதுக்கப்புறம் யோசிக்கலாம்."

இருந்தா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்றைக்கு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாளே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். வாசலில் வெள்ளித்தகட்டு உருவங்கள் விற்பார்கள். நோவு கண்ட உறுப்பை வாங்கி உண்டியலில் போட்டு வேண்டிக்கொள்வது வழக்கம். கண் இருந்தது. கை, கால், வயிறு இருந்தது. குல்லாய்ச் சுரப்பி எந்தக் கடையிலும் இல்லை. கடைக்காரர் கடைசியில் முழு ஆளாகவே ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் இதுக்குள்ளதாம்மா இருக்கு."

சன்னதியில் அத்தனை கூட்டமும் நோயை எடுத்துவிடு தாயே என்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. இவள் ஒருத்திதான் கொடு என்று கேட்டாள்.

"அப்ப எனக்கு ஏன் ஏறுது?" என்றாள் இப்போது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்று இல்லை என்றார். முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தானாம். பரம்பரை வாகு கொஞ்சம். இடுப்புச் சதை கொஞ்சம். இன்சுலின் இருந்தும் அதன் சொல்லை உடம்பு கேட்காதது கொஞ்சம். மாதத் தூரம் நின்றுபோனது கொஞ்சம். வயசு கொஞ்சம். எல்லாம் சேர்ந்து ஏற்றுகிறது. தனியாக எதையும் வெட்டி எடுக்க முடியாது.

கொஞ்சம், கொஞ்சம். இதில் எந்தக் கொஞ்சத்தோடு போய் அவள் மல்லுக்கட்டுவாள்?

வேறு வழி உண்டா என்று கேட்டாள். பேரைப் பதிந்து வைக்கலாம், இறந்தவர்களிடமிருந்து கிடைக்க வருஷக்கணக்காகும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

படி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள்.

மாரிச்செல்வியிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். பிரஷர் மாத்திரையில் இறங்கிவிட்டது, உள்ளே கட்டி கிட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள் என்று. பிள்ளை நம்பிக்கையை விட்டுவிடக்கூடாதே.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வறண்ட உதட்டைத் திறந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"கட்டி இல்லையாம்."

மாரிச்செல்வி கண்ணை மூடினாள். மூடின கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது.

"அப்பாடா. என்னால உனக்கு ஏதும் வந்துருமோன்னு பயந்துட்டே கெடந்தேம்மா."

கண்ணைத் திறந்தபோது முகமே வேறாக இருந்தது. எத்தனையோ மாதமாகப் பார்க்காத முகம்.

"அப்ப ஆபரேஷன் எப்பவாம்?"

செண்பகம் மகளின் காலடிப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தாள்.

"ஆடி கழியட்டும்னு சொல்லியிருக்காங்க."

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர்கூடவா ஆடி பார்ப்பார் என்றாள். அடுத்த படுக்கைக்காரியிடமும் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அம்மாவின் விரலைப் பிடித்தபடியே அசந்து தூங்கிப்போனாள்.

ஆடி முடிய நாலு நாள்தான் இருந்தது.